இரவு 11.35 மணி: லெனோ, லெட்டர்மேன், கோனன் மூவரும் ஏன் அந்த நேரத்துக்காக மோதினார்கள்?

திரைநேரம் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சிகளை யூடியூபில் விரும்பிப் பார்க்கிறவன் நான். கோனன் ஓ'பிரையன் 2010 ஜனவரி 22 அன்று என்.பி.சி.யின் 'டுநைட் ஷோ'விலிருந்து விடைபெற்ற நிகழ்ச்சியை அண்மையில் பார்த்தேன். பொறுப்பேற்று எட்டு மாதம்கூட நிறையாத நிலையில் வெளியேறும் ஒருவர், தன்னை அந்த முடிவுக்குத் தள்ளிய நிறுவனத்துக்கே நன்றி கூறிவிட்டு, எதன்மீதும் நம்பிக்கை இழந்து மனம் கசந்துபோக வேண்டாம் என்று தன் இளம் ரசிகர்களைக் குரல் தழுதழுக்கக் கேட்டுக்கொண்ட அந்தச் சில நிமிடங்கள் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆனால் இதில் எனக்கு விளங்காத இடம் ஒன்று இருக்கிறது. என்.பி.சி. அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. நிகழ்ச்சியின் பெயரையோ அரங்கத்தையோ பறிக்கவும் இல்லை. இரவு 11.35க்குத் தொடங்கிய நிகழ்ச்சியை 12.05க்குத் தொடங்குமாறும், இடைப்பட்ட அரை மணி நேரத்தை, அவருக்கு முன் அந்த நிகழ்ச்சியை நடத்திய ஜே லெனோவுக்கு விட்டுக்கொடுக்குமாறும்தான் கேட்டது. அதற்கு இணங்குவதைவிட, வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்ட வேலையையே துறந்துவிடலாம் என்று அவர் முடிவெடுத்தார். வெறும் 30 நிமிடங்களில் அப்படி என்ன இருக்கிறது? அது தன்மானம் சார்ந்த முடிவா, தொழில் கணக்கா?

மற்றொன்றையும் கேட்க வேண்டும். இந்த விவகாரத்தைப் பேசுகிறவர்கள் எல்லாரும் 1992இல் அதே நிகழ்ச்சிக்காக லெனோவுக்கும் டேவிட் லெட்டர்மேனுக்கும் இடையே நடந்த போட்டியையும் சேர்த்தே பேசுகிறார்கள். ஒரே நாற்காலியை இருமுறை பறித்தவர் லெனோ என்பது பலருடைய குற்றச்சாட்டு. அது நியாயமானதா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் மகிழ்வேன்.


அலைவரிசை எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன். அரை மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த நேரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகிய நிறுவனங்கள் சில பெருநகரங்களில் மட்டுமே சொந்த நிலையங்களை வைத்திருக்கின்றன. மற்ற ஊர்களில் அவற்றின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்புபவை தனியாருக்குச் சொந்தமான உள்ளூர் நிலையங்கள். ஒப்பந்தத்தின் பேரில் நிகழ்ச்சியை வாங்கிக்கொண்டாலும், அவற்றின் கல்லாவை நிரப்புவது பெரும்பாலும் அவையே தயாரிக்கும் உள்ளூர்ச் செய்திதான். கிழக்குக் கரையில் அந்தச் செய்தி இரவு 11 மணிக்குத் தொடங்கும். வானிலையும் விளையாட்டும் முடிந்து, அதே அலைவரிசையை மாற்றாமல் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மக்களை அப்படியே பெற்றுக்கொள்ளும் நிகழ்ச்சிதான் 'டுநைட் ஷோ'. அதன்பின் ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு கூட்டம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். ஆகவே 11.35 என்பது செய்தியின் கூட்டம் முழுமையாகக் கைக்கு வந்து சேரும் தருணம், 12.05 என்பது, இன்னொருவர் அரை மணி நேரம் சிரிக்கவைத்து அனுப்பிய பிறகு மிஞ்சியிருப்பவர்களைப் பெறும் தருணம். தொடக்கத்தில் வரும் நகைச்சுவைப் பேச்சுதான் இத்தகைய நிகழ்ச்சியின் உயிர் என்பதால், அன்றைய செய்திகளைப் பற்றிய கிண்டல்களை லெனோ ஏற்கெனவே சொல்லி முடித்த பிறகு கோனன் மேடையேறிப் பேசுவதற்கு என்ன மிஞ்சும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கணக்கு புதிதன்று. அதை முதலில் உணர்த்தியவர் ஜானி கார்சன். 1962 அக்டோபரில் அவர் 'டுநைட் ஷோ'வை ஏற்றபோது அது இரவு 11.15க்கே தொடங்கியது. ஆனால் பல ஊர்களின் நிலையங்கள் தங்கள் செய்தியை அரை மணி நேரமாக நீட்டி, 11.30க்குத்தான் நிகழ்ச்சியில் இணைந்தன. அதனால் அவருடைய தொடக்கப் பேச்சே நாட்டின் பெரும்பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. 1965இல் கார்சன் ஒரு முடிவெடுத்தார். முதல் 15 நிமிடங்களுக்கு அவர் திரைக்கு வரவே மறுத்துவிட்டார், உடன் தோன்றும் எட் மக்மேனும் இசைக்குழுத் தலைவர் ஸ்கிட்ச் ஹெண்டர்சனும் அந்த நேரத்தை ஓட்டினார்கள், 11.30 ஆனதும் கார்சன் வந்து தம் பேச்சைத் தொடங்கினார். இறுதியில் என்.பி.சி. இறங்கிவந்து, நிகழ்ச்சியின் தொடக்கத்தையே 11.30க்கு மாற்றியது. நாட்டிலேயே மிகுந்த செல்வாக்குடைய தொகுப்பாளர் 15 நிமிடங்களுக்காக இப்படிப் பிடிவாதம் பிடித்திருக்கிறார் என்றால், 30 நிமிடங்கள் சிறியவையா?

11.30 எப்படி 11.35 ஆயிற்று என்பதும் இதே கதைதான். உள்ளூர்ச் செய்தியில் கூடுதல் விளம்பரம் போட்டுக்கொள்ள நிலையங்களுக்கு இடம் வேண்டியிருந்ததால், 1991இல் ஐந்து நிமிடங்களை என்.பி.சி. விட்டுக்கொடுத்தது. அந்த ஒற்றைப்படை எண் நிலையங்களின் வலிமைக்குச் சான்றாக இன்றுவரை நிற்கிறது.

2009இலும் நிலையங்களின் குரல்தான் ஆட்டத்தை முடித்தது. லெனோவை இரவு 10 மணிக்கு, வாரத்தில் ஐந்து நாளும், நாடகத் தொடர்களுக்குப் பதிலாக வைக்கப் போவதாக என்.பி.சி. அறிவித்தபோது, பாஸ்டன் நகரின் 7ஆம் அலைவரிசையான டபிள்யூ.எச்.டி.எச். அந்த நேரத்தில் தன் சொந்தச் செய்தியை ஒளிபரப்பப் போவதாகச் சொல்லி மறுத்தது. லெனோ வளர்ந்த ஆண்டோவர் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில்தான் இருக்கிறது. இணைப்பையே துண்டித்துவிடுவோம் என்று என்.பி.சி. மிரட்டிய பிறகே அந்த நிலையம் பணிந்தது. 2009 செப்டம்பர் 14 அன்று 'ஜே லெனோ ஷோ' தொடங்கியது. முதல் நாள் கூட்டம் பின்னர் நிலைக்கவில்லை. 10 மணிக்கு ஆள் குறைந்தால் 11 மணிச் செய்திக்கு ஆள் குறையும். செய்திக்குக் குறைந்தால் 11.35க்கும் குறையும். கோனனின் கூட்டம் மெலிந்ததற்கு அவருடைய நகைச்சுவையை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்தச் சங்கிலியை மறந்துவிடுகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் நிலையங்கள் பொறுமை இழந்தன. லெனோவை 10 மணியிலிருந்து எடுத்தே தீர வேண்டிய நிலைக்கு என்.பி.சி. வந்தது.


பழைய நாடா எழுதியது:

அலைவரிசை அவர்கள் நேரத்தின் பொருளாதாரத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், ஏனெனில் 1991 முதல் 1993 வரை நடந்ததை அறியாமல் 2010இன் கசப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

டேவிட் லெட்டர்மேன் 1982 பிப்ரவரி முதல் கார்சனுக்கு அடுத்து, 12.30க்கு, 'லேட் நைட்' நிகழ்ச்சியை நடத்தியவர். தமக்குப் பின்வரும் நேரத்தின் மீதும் கார்சனுக்கு அதிகாரம் இருந்தது. லெட்டர்மேனின் நிகழ்ச்சியைத் தயாரித்ததில் கார்சனின் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே கார்சன் ஓய்வு பெறும் நாளில் அந்த இடம் தமக்கே வரும் என்று லெட்டர்மேன் நம்பியதில் தவறு காண முடியாது. ஜே லெனோவோ 1987 முதல் கார்சன் விடுப்பில் செல்லும் நாள்களில் மாற்றுத் தொகுப்பாளராக இருந்து, அந்த நாற்காலியிலேயே அமர்ந்து பழகியவர். இருவரும் பழைய நண்பர்கள். லெட்டர்மேனின் நிகழ்ச்சியில் அடிக்கடி விருந்தினராக வந்துதான் லெனோ நாடறிந்த முகமானார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

1991 மே மாதம் நியூயார்க்கில், நிலைய உரிமையாளர்கள் கூடியிருந்த அரங்கில், அடுத்த ஆண்டு விலகப் போவதாகக் கார்சன் திடீரென்று அறிவித்தார். சில வாரங்களில் லெனோவின் பெயர் வெளியானது. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த லெட்டர்மேனுக்கு அது எத்தகைய அடி என்பதை எழுதிக் காட்டத் தேவையில்லை. அவர் பிறகு கார்சனின் நிகழ்ச்சிக்கு விருந்தினராகச் சென்றபோது, எவ்வளவு கோபமாக இருக்கிறீர்கள் என்று கார்சன் நேராகவே கேட்டுவிட்டார். அரங்கம் சிரித்தது, ஆனால் கேள்வி உண்மையானது.

இங்கே லெனோவின் மேலாளர் ஹெலன் குஷ்னிக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கார்சனை என்.பி.சி. வெளியேற்ற விரும்புகிறது என்ற செய்தி 1991 தொடக்கத்தில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வந்தது. அதைப் பரப்பியவர் அவரே என்பது பின்னர் தெரியவந்தது. 1992 மே 25 அன்று லெனோ தம் முதல் நிகழ்ச்சியில் கார்சனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 30 ஆண்டுகள் அந்த மேடையை ஆண்ட மனிதர் விடைபெற்று மூன்று நாள்கள்தான் ஆகியிருந்தன. அதுவும் குஷ்னிக்கின் அறிவுறுத்தலே. அவர் சொல்லைக் கேட்டதற்காக லெனோ பின்னாளில் வருந்தினார். போட்டி நிகழ்ச்சிகளுக்குச் செல்லும் விருந்தினர்களைப் புறக்கணிப்பது போன்ற குஷ்னிக்கின் நடவடிக்கைகள் எல்லை மீறவே, அதே ஆண்டு செப்டம்பரில் என்.பி.சி. அவரை நீக்கியது.

இதற்கிடையே லெட்டர்மேனுக்கு 11.30 நேரத்தைத் தரப் பலர் போட்டியிட்டார்கள். முந்தி நின்றது சி.பி.எஸ்.; ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 கோடி டாலர் ஊதியம் என்று அன்றைய செய்திகள் கூறின. அப்போதுதான் என்.பி.சி.க்குக் கை நடுங்கியது. லெனோவை வைத்துக்கொள்வதா, அவரை எடுத்துவிட்டு லெட்டர்மேனுக்கே கொடுப்பதா என்று அதன் நிர்வாகிகள் மீண்டும் விவாதிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தொலைபேசி விவாதத்தை, பர்பேங்க் அலுவலகத்தில் ஒரு சிற்றறைக்குள் ஒளிந்திருந்து லெனோ கேட்டார். அவரே பின்னர் ஒப்புக்கொண்ட செய்தி இது. நாட்டின் முதல்நிலை நிகழ்ச்சியின் தொகுப்பாளர், தம்மை முதலாளிகள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அறிய, இருட்டறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது என்பதே அந்த நிறுவனம் தன் ஆட்களை எப்படி நடத்தியது என்பதற்குப் போதுமான சாட்சி.

கடைசியில் லெட்டர்மேனுக்கு என்.பி.சி. ஒரு வாக்குறுதி தந்தது: லெனோவின் ஒப்பந்தம் முடியும் 1994 மே மாதத்தில் 'டுநைட் ஷோ' உங்களுடையது. லெட்டர்மேன் கார்சனிடம் யோசனை கேட்டார். அவருடைய இடத்தில் தாம் இருந்தால் பெரும்பாலும் வெளியேறிவிடுவேன் என்று கார்சன் சொன்னார். 1993 ஜனவரியில் லெட்டர்மேன் சி.பி.எஸ்.ஸுக்குச் செல்வதை அறிவித்தார். அவருக்காகவே பிராட்வேயில் இருந்த எட் சல்லிவன் அரங்கத்தை சி.பி.எஸ். வாங்கிப் புதுப்பித்தது. ஆகஸ்ட் 30 அன்று 'லேட் ஷோ' தொடங்கியது. அவருடைய 12.35 நேரத்தை நிரப்ப வந்த, அதுவரை யாரும் அறியாத எழுத்தாளர்தான் கோனன்.

ஆகவே 1992ஐப் பொறுத்தவரை, பறித்தவர் லெனோ என்று சொல்வதற்குச் சற்று இடம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அவர் திறமையால் போட்டியிட்டார், உண்மைதான். ஆனால் தம் பெயரில் ஒருவர் செய்த வேலைகளைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.


மேடைப்பேச்சு எழுதியது:

பழைய நாடா அவர்களின் வரலாற்றில் குறை ஏதும் இல்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. லெனோவுக்காகப் பேசுகிறவர்கள் இணையத்தில் மிகவும் குறைவு என்பதால் அந்தப் பக்கத்தையும் முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

லெட்டர்மேன் சி.பி.எஸ்.ஸில் தொடங்கிய நாள் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் லெனோ தோற்றுக்கொண்டிருந்தார். விமர்சகர்கள் அவரை மதிக்கவில்லை. அவர் செய்தது உழைப்பு மட்டுமே. அரங்கத்தை மாற்றினார், பார்வையாளர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பேசும்படி மேடையை அமைத்துக்கொண்டார், தொடக்கப் பேச்சை நீட்டினார். வார இறுதிகளில்கூட ஓயாமல் ஊர் ஊராகச் சென்று மேடை நகைச்சுவை நிகழ்த்தினார். 1995 ஜூலை 10 அன்று, கைது விவகாரம் ஒன்றில் சிக்கிய நடிகர் ஹியூ கிராண்ட் வந்தமர்ந்தபோது, என்னதான் நினைத்துக்கொண்டு அப்படிச் செய்தீர்கள் என்று நாடே கேட்க விரும்பிய கேள்வியை லெனோ கேட்டார். அன்று முந்தியவர் அதன்பின் 2009 வரை பெரும்பாலும் முதலிடத்திலேயே இருந்தார். இதே காலத்தில் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு உரிமையையும், டெட்ராய்ட், அட்லாண்டா போன்ற ஊர்களில் வலுவான நிலையங்களையும் சி.பி.எஸ். ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இழந்தது லெனோவுக்கு உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அலைவரிசை அவர்கள் சொன்ன நிலையங்களின் கதை இங்கேயும் பொருந்துகிறது.

அப்படி முதலிடத்தில் இருந்த மனிதரிடம், 2004இல், அவருடைய 54ஆம் வயதில், ஐந்து ஆண்டுகளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று என்.பி.சி. சொன்னது. கோனனை வேறு நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். கார்சன் 66 வயது வரை அமர்ந்திருந்த இடம் அது. 'டுநைட் ஷோ'வின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளான செப்டம்பர் 27 அன்று, லெனோ சிரித்த முகத்தோடு அதை மேடையில் அறிவித்தார். ஓய்வு பெறப் போவதாக அன்று சொன்னது சபை நாகரிகத்துக்காகச் சொன்ன பொய் என்று 2010 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் அவரே கூறினார். மனம் ஒப்பாமல் கொடுத்த ஒன்று அது.

2009 நெருங்கியபோது அவர் இன்னும் முதலிடத்தில் இருந்தார். அவர் ஏ.பி.சி.க்குப் போய்விட்டால் கோனனுக்கு எதிராகவே நிற்பார் என்று அஞ்சிய என்.பி.சி., அவரையும் விட மனமில்லாமல் இரவு 10 மணிக்கான இடத்தைக் கொடுத்தது. ஒரே வீட்டுக்கு இருவரிடம் முன்பணம் வாங்கிய தரகரின் வேலையைத்தான் என்.பி.சி.யின் தலைவர் ஜெஃப் ஸக்கரும் அவருடைய சகாக்களும் செய்தார்கள். வீட்டுக்கு வந்த இருவரும் வாசலில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதில், தரகரை யாரும் உரிய அளவுக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று முதலாளி கேட்டபோது லெனோ சரி என்றார். அது அவர் 17 ஆண்டுகள் உழைத்துக் காத்த நேரம். அதை மறுத்திருக்க வேண்டிய கடமை அவருக்கு எங்கிருந்து வந்தது?


திரைநேரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கார்சன் 15 நிமிடங்களுக்குத் திரைக்கு வர மறுத்த செய்தி எனக்கு முற்றிலும் புதியது. என் முதல் கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஆயினும் மேடைப்பேச்சு அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதலாளி கேட்டார், இவர் ஏற்றார் என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அமர்ந்திருப்பவர் யார், அவர் எதை விட்டுவிட்டு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார், அவரை நம்பி எத்தனை குடும்பங்கள் இடம் பெயர்ந்தன என்பதெல்லாம் லெனோவுக்குத் தெரியாதா? அதோடு, கோனனின் ஒப்பந்தத்தில் 11.35 என்ற நேரம் எழுதப்படவே இல்லை என்று படித்தேன். இவ்வளவு பெரிய பதவிக்கான ஒப்பந்தத்தில் அது எப்படி விடுபட்டது?


நேரக்காப்பாளர் எழுதியது:

ஒப்பந்தத்தைப் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்ற விளக்கம். 'டுநைட் ஷோ' என்ற பெயர் அதுவரை உள்ளூர்ச் செய்தி முடிந்த உடனே வரும் நிகழ்ச்சியையே குறித்து வந்தது. ஆகவே பெயர் உறுதியானால் நேரமும் உறுதி என்று கோனன் தரப்பு நம்பியது. நம்பியது எழுத்தில் இல்லை என்பதைத்தான் 2010 ஜனவரியில் என்.பி.சி. பயன்படுத்தியது. லெனோவின் ஒப்பந்தமோ அவரை எளிதில் கைவிட முடியாதபடி வலுவாக எழுதப்பட்டிருந்தது. இருவரில் ஒருவரை இழக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, யாரை இழப்பதற்குச் செலவு குறைவு என்ற கணக்கும் சேர்ந்தே முடிவைத் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

கோனன் ஜனவரி 12 அன்று வெளியிட்ட அறிக்கையைப் படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும். பூமியின் மக்களுக்கு என்று தொடங்கும் அந்தக் கடிதத்தில் அவர் தம் இழப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. நள்ளிரவைத் தாண்டி, மறுநாளில் தொடங்கும் நிகழ்ச்சி 'டுநைட் ஷோ'வே ஆகாது என்பதுதான் அவருடைய முதன்மையான வாதம். அதைவிட என்னைக் கவர்ந்தது, தமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரை அவர் நினைத்துப் பார்த்த இடம். தாம் லெட்டர்மேனிடமிருந்து பெற்று ஜிம்மி ஃபாலனுக்கு விட்டுவந்த 'லேட் நைட்' நிகழ்ச்சி, தாம் இணங்கினால் 1.05க்குத் தள்ளப்படும் என்பதை ஒரு காரணமாகவே எழுதினார். ஒருவரை அரை மணி நேரம் நகர்த்தினால் பின்னால் உள்ள அனைவரும் நகர வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஜனவரி 21 அன்று எட்டிய உடன்பாட்டின் மதிப்பு ஏறத்தாழ 4.5 கோடி டாலர் என்றும், அதில் சுமார் 1.2 கோடி டாலர் அவருடைய பணியாளர்களுக்கு என்றும் செய்திகள் வந்தன. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டு போனதற்கு அந்தப் பணியாளர்களுக்கான தொகையும் ஒரு காரணம். செப்டம்பர் வரை தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்ற தடையையும் அவர் ஏற்றார்.

இனி, திரைநேரம் அவர்களுக்கு விருப்பமில்லாமல் போகக்கூடிய ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2010 நவம்பரில் கோனன் டி.பி.எஸ். கேபிள் நிறுவனத்தில் இரவு 11 மணிக்குத் தம் புதிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். அந்த 11 மணி அதுவரை ஜார்ஜ் லோபஸ் என்னும் தொகுப்பாளருடையது. ஓராண்டுதான் ஆகியிருந்தது. கோனனுக்கு இடம் விட்டு லோபஸ் நள்ளிரவுக்கு நகர்ந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.


பழைய நாடா எழுதியது:

நேரக்காப்பாளர் லோபஸைப் பற்றிச் சொன்னது உண்மையே. ஆனால் அதை லெனோவின் செயலோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. கோனன் வருவதை லோபஸ் முன்கூட்டியே அறிந்து, அவரே கோனனோடு பேசி வரவேற்றார். கேட்டுப் பெற்ற இடத்துக்கும், கேட்காமல் எடுத்த இடத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் நள்ளிரவுக்குச் சென்ற நிகழ்ச்சி ஓராண்டு தாங்கவில்லை என்பது, 12.05 குறித்து கோனன் அஞ்சியது சரி என்பதற்கு ஒரு சான்றாகவும் இருக்கிறது.

இதைப் போன்ற ஒன்று லெட்டர்மேனின் வாழ்விலும் உண்டு. 1982இல் அவருக்குக் கிடைத்த 12.30 நேரம் அதற்கு முன் டாம் ஸ்னைடருடையது. ஒரு மணி நேரம் தள்ளி 1.30க்குச் செல்லுமாறு என்.பி.சி. ஸ்னைடரைக் கேட்டது, அவர் மறுத்து விலகினார். லெட்டர்மேன் அதை மறக்கவில்லை. சி.பி.எஸ்.ஸில் தமக்குப் பின்வரும் நேரத்தை நிரப்பும் உரிமை தம் கைக்கு வந்தபோது, 1995 ஜனவரியில் அதை ஸ்னைடருக்கே கொடுத்தார். இந்தப் போட்டிகளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செயல் அது. கார்சனும் தம் மனத்தை மறைக்கவில்லை: ஓய்வுக்குப் பின் 1994இல் லெட்டர்மேனின் மேடைக்கு வந்து அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்தார், கடைசி ஆண்டுகளில் அவருக்கு நகைச்சுவைத் துணுக்குகளை எழுதி அனுப்பினார். லெனோவின் நிகழ்ச்சிக்கு அவர் ஒருமுறைகூட வரவில்லை.


மேடைப்பேச்சு எழுதியது:

கார்சனின் மனம் யார் பக்கம் இருந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்காமல் எடுத்த இடம் என்பதை ஏற்க முடியாது. 2004இல் லெனோவிடமிருந்து எடுத்தபோதும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

திரைநேரம் அவர்கள் என்னிடம் கேட்டதற்கு விடை: ஆம், லெனோவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவர் கோனனை அழைத்துப் பேசியிருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். அதைச் செய்யாதது குறைதான். ஆனால் இடத்தை மறுக்கும் பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைப்பதை இன்றும் ஒப்ப மாட்டேன்.

மூன்றாம் முறை என்.பி.சி. எப்படி நடந்துகொண்டது என்பதையும் பாருங்கள். 2013 ஏப்ரலில் ஃபாலனின் பெயரை அறிவித்தது. ஐந்து ஆண்டுகள் காத்திருக்கவைக்காமல் 2014 பிப்ரவரி 17 அன்றே அவரை அமர்த்தியது. லெனோ பிப்ரவரி 6 அன்று கண்ணீரோடு விடைபெற்றார். அவருக்கு 10 மணி தரப்படவில்லை. உள்ளூர்ச் செய்தி முடிந்து 11.35க்கு ஒருவர் மட்டுமே மேடையில் நின்றார்.